சிவப்பு மையில் ஒரு திருத்தம்

அந்த ஆய்வகத்தில் நாற்பது கம்ப்யூட்டர்கள். நாற்பதுக்கும் ஒரே வியாதி, மறதி. பகலில் மாணவர்கள் எதை ஏற்றினாலும், எதைக் கலைத்தாலும், மறுநாள் காலை ஏழரைக்கு சுவிட்சைத் தட்டினால் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பழக்கி வைத்தவர் லேப் மேடம்தான். பசங்கள் கை வைத்த எதுவும் மறுநாளுக்கு மிஞ்சக் கூடாது என்பது பதினாறு வருடமாக அவருடைய கொள்கை. கம்ப்யூட்டர்கள் அதற்குக் கட்டுப்பட்டன. மேடத்துக்குத்தான் அந்த மறதி வாய்க்கவில்லை.

இறுதியாண்டு மாணவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஒரு கேம் செய்ய வேண்டும். செய்வதில் பெரிய கஷ்டமில்லை. எதை வைத்துச் செய்வது என்று முடிவு பண்ணுவதற்குள்தான் எல்லோருக்கும் உயிர் போய்விடும். ஒரு குழு கேம் செய்யும் இன்ஜின் மென்பொருள் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கும். அதில் எல்லாமே இருக்கும், ஆனால் ஒரு மெஷினில் ஏற்றவே முக்கால் மணி நேரம் பிடிக்கும். இன்னொரு குழு, கட்டம் வரைந்து படத்தை நகர்த்த ஏற்கெனவே எழுதிவைத்த ஒரு சின்ன கிராபிக்ஸ் லைப்ரரி போதும் என்னும். வருடத்துக்கு ஒரு மேதாவியாவது வந்து, எந்த லைப்ரரியும் வேண்டாம், நானே எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன் என்பான். அவன் எழுதியதை யாரும் கண்டதில்லை.

இந்த வருடம் பதினோரு குழுக்கள். செவ்வாய்க்கிழமைக்குள் ஒவ்வொரு குழுவும் என்ன கருவி, எந்தப் பதிப்பு என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். மேடம் அதையெல்லாம் நாற்பது மெஷின்களிலும் நிரந்தரமாக ஏற்றுவார். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பூட்டு. அதற்குப் பிறகு ஒரு சின்ன கோப்பைச் சேர்க்க வேண்டுமென்றாலும் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். திங்கட்கிழமை காலை வெளியிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள். ஆய்வக மெஷினில் ஓடாத கேமுக்கு மதிப்பெண் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினால் அந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டியதுதான்.

பூட்டு வந்ததே மேடத்தின் இரக்கத்தால்தான். போன வருடம் கடைசி நேரத்தில் ஒரு குழு கண் கலங்க வந்து நின்றது. மேடம் மனசு கேட்காமல் எதையோ ஏற்றிக் கொடுத்தார். தேர்வு நாளன்று பத்தொன்பது மெஷின்கள் எழுந்திருக்கவே இல்லை. துறைத்தலைவர் கத்தவில்லை, மெமோ கொடுத்தார். இன்னொரு மெமோ வந்தால் ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடுவதாகவும் பக்குவமாகச் சொல்லிவைத்தார்.

போதாக்குறைக்கு இந்த வருடம் இறுதியாண்டில் இருப்பது மேடத்தின் சொந்த மகள். "என் மகள் இருக்கும் குழுவை மற்ற குழுக்களைப் போலவே நடத்துவேன்" என்று மேடம் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார். கல்லூரி வாசலுக்குள் நுழைந்துவிட்டால் மகளும் "மேடம்" என்றுதான் கூப்பிட வேண்டும். முதல் வாரம் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் பழகிப்போயிற்று.

வீட்டில் மட்டும் தப்பிக்க வழியில்லை. ஆறு வாரமாகச் சாயங்காலம் ஆறு மணி அடித்தால் போதும், மகளின் போன் ஸ்பீக்கரில் அந்த இரண்டு பேர் வந்துவிடுவார்கள். ஒருவன் நெட்டை. கதவு நிலை பார்த்துக் குனிந்தே பழகியவன். இன்னொருவன் சோடாபுட்டி. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் கீபோர்டு எது, மேசை எது என்று தடவித்தான் பார்ப்பான்.

"இன்ஜின்லயே பண்ணிடலாம்டா. குதிக்கிறது, மோதுறது எல்லாம் ரெடியா இருக்கு."

"லிஃப்ட் மேல போகுது, கீழ வருது. அதுக்கு எதுக்குடா இன்ஜின்? கொசுவுக்குப் பீரங்கியா? நேரா கிராபிக்ஸ் கார்டுலயே எழுதுவோம்."

"நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆகிடும்."

"அதுக்கு நிறைய டைம் இருக்குடா."

அவர்கள் செய்யப் போகும் கேம் ஒரு லிஃப்ட்காரரைப் பற்றியது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரே ஒரு லிஃப்ட். ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாத குடித்தனக்காரர்களை ஒரே நேரத்தில் உள்ளே ஏற்றாமல் எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஐடியா மகளுடையது. மேடம் அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் ரசித்தார். ஆனால் அந்தச் சண்டையில் மகள் வாயைத் திறந்து ஒரு பக்கம் பேசியதாக அவருக்கு நினைவே இல்லை. "பார்க்கலாம்டா", "டெஸ்ட் பண்ணிட்டுச் சொல்றேன்", இவ்வளவுதான். இவளுக்கு எதிலும் பிடிப்பு கிடையாது, யாராவது முடிவு பண்ணட்டும் என்று இருக்கிறாள் என்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே மேடம் முடிவு கட்டினார்.

மகளைப் பற்றி அவர் கட்டிவைத்த முடிவுகள் நிறைய. கவனம் போதாது என்பது அதில் முதலாவது. ஐந்து குடை தொலைத்தவள். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனவள். எல்லாவற்றுக்கும் மேலே, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் இல்லாமல் போய் நின்றவள். அவள் அப்பா பைக்கில் பறந்து கொண்டுபோய்க் கொடுத்திருக்காவிட்டால் அந்த வருடமே போயிருக்கும். ஆறு வருடமாக உறவினர் வீட்டு விசேஷம் எதுவானாலும் அந்தக் கதை ஒரு சுற்று வரும். மகளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை மேடம் படிவங்களை எடுத்து வைத்துப் பட்டியல் போட்டார். கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஏழாவதாக மகளின் படிவம். கருவி என்ற இடத்தில் ஒரு சின்ன கிராபிக்ஸ் லைப்ரரியின் பெயர். ஒருவழியாக ஆறு வாரச் சண்டை ஓய்ந்துவிட்டது என்று அவருக்கு ஒரு நிம்மதி. பதிப்பு என்ற இடத்தில் 2.6 என்று இருந்தது. மேடத்துக்கு அந்த லைப்ரரி தெரியும். 3.0 வந்தே ஒரு வருடம் ஆகிறது. வேறு இரண்டு குழுக்களும் 3.0 என்றுதான் எழுதியிருந்தார்கள்.

எந்தக் குழுவின் படிவத்தில் சந்தேகம் வந்தாலும் அந்தக் குழுவைக் கூப்பிட்டுக் கேட்பது அவர் வழக்கம். ஆனால் இதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. 'இதைக்கூடப் பார்த்து எழுதத் தெரியவில்லை, ஏதோ பழைய பக்கத்திலிருந்து காப்பி அடித்திருக்கிறாள்' என்றுதான் தோன்றியது. சிவப்புப் பேனாவால் 2.6-ஐ அடித்து, மேலே 3.0 என்று எழுதினார். வீட்டில்தானே இருக்கப் போகிறாள், சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வீட்டுக்குப் போனதும் கேஸ் தீர்ந்திருந்தது. அந்த அமளியில் அது மறந்தேபோயிற்று.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. குழுக்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் கேமை ஆய்வக மெஷினில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மேடம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துப் பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு மகளின் குழு வந்து இருபத்தேழாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தது. மூவரும் கேமை ஏற்றி ஓட விட்டார்கள். பிறகு நெட்டையின் குரல் உயர்ந்தது.

"என்னடி இது, அந்தக் கட்டளையே இல்லைங்குது?"

கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்துகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. சோடாபுட்டி திரையில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து படித்தான்.

"மூணு புள்ளி பூஜ்யம் ஏத்தியிருக்காங்கடா. நாம எழுதினது ரெண்டு புள்ளி ஆறுல. வரையறதுக்கான கட்டளை மொத்தத்தையும் புதுசுல தூக்கிட்டாங்க."

"படிவம் யாரு எழுதினது?" நெட்டை கேட்டான். விடை அவனுக்கே தெரியும்.

மகள் நாற்காலியை விட்டு எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரு பேச்சுக்குக்கூட அவள் இல்லை என்று சொல்லவில்லை.

"நான்தான். நான்தான் மாத்தி எழுதியிருப்பேன்."

கண்ணாடி அறைக்குள் மேடம் பேனாவைக் கீழே வைத்தார். கோப்பைத் திறந்து ஏழாவது படிவத்தை எடுத்தார். மகளின் குண்டு குண்டான எழுத்தில் 2.6. அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. அதற்கு மேல் அவருடைய சொந்தக் கையெழுத்தில் 3.0. அவர் கோப்பை மூடினார். நல்லவர்கள் உடனே எழுந்துபோய் உண்மையைச் சொல்லியிருப்பார்கள். லேப் மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் ஸ்டோர் ரூமில் ஜன்னல் கிடையாது. கைப்பட எழுதிக் கொடுத்த காகிதம் துறைத்தலைவரின் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. மற்ற குழுக்களைக் கூப்பிட்டுக் கேட்பவர் மகளை மட்டும் கேட்காமலே திருத்தியிருக்கிறார், அதுவும் ஒரு சலுகைதான். எழுந்து வெளியே வந்தார்.

"என்ன பிரச்சனை?" குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

சோடாபுட்டிதான் சொன்னான். கேட்டுவிட்டு மேடம், "ரெண்டு நாள் இருக்கே. புதுப் பதிப்புக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதிக்கோங்க" என்றார்.

"மாத்தி எழுதலாம் மேடம். எழுதினாலும் இந்த மெஷின்ல ஒழுங்கா ஓடாது."

"ஏன் ஓடாது? மத்த ரெண்டு குழுவும் அதுலதானே பண்ணியிருக்காங்க?"

"அவங்களது சீட்டு விளையாட்டு மேடம், ஒண்ணும் நகராது. எங்களதுல பன்னெண்டு மாடியும் நகரணும்." அவன் மகள் பக்கம் திரும்பினான். "நோட்டக் காட்டு."

மகள் தயங்கினாள். பிறகு பையிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து நீட்டினாள். மேடம் பிரித்தார். கோடு போட்டு அடைத்த கட்டங்கள். இடது பக்கம் தேதி. பக்கத்தில் கருவியின் பெயர், பதிப்பு, ஏற்ற எத்தனை நிமிடம், ஒரு நொடிக்கு எத்தனை தடவை திரை புதிதாக வரைகிறது. எல்லாமே இருபத்தேழாம் நம்பர் மெஷினில் பார்த்த கணக்கு. எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தது ஒரே ஒரு சின்ன நிரல்தான், ஒரு பெட்டி மேலே போய்க் கீழே வருவது. முழு இன்ஜின்: ஒன்பது. நெட்டை சொன்ன இன்னொரு இன்ஜின்: பதினொன்று. சோடாபுட்டி சொந்தமாக எழுதியது: இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. அந்த லைப்ரரி, 3.0: பன்னிரண்டு. அதே லைப்ரரி, 2.6: ஐம்பத்தெட்டு. கீழே குறிப்பு: "புதியது எல்லா வேலையையும் கிராபிக்ஸ் கார்டில் தள்ளுகிறது. லேபில் கார்டு பழசு. பழைய பதிப்புதான் சரி. மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று."

மொத்தம் இருபத்துமூன்று தேதிகள்.

"மெஷின் தினமும் எல்லாத்தையும் மறந்துடும்ல மேடம்," என்றான் நெட்டை. அவன் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அதனால டெய்லி ஏழரைக்கு வந்து முதல்லேர்ந்து ஏத்துவா. நாங்க ரெண்டு பேரும் சண்டதான் போட்டோம். இவதான் முடிவு பண்ணா."

ஏழரை மணிக்கு இருபத்தேழாம் மெஷினில் யாரோ இருப்பது மேடத்துக்குத் தெரியும், யார் என்றும் தெரியும். யாருடைய வீட்டுப்பாடத்தையோ பார்த்து எழுதத்தான் இவ்வளவு சீக்கிரம் வருகிறாள் என்று நினைத்திருந்தார். வாயில் எதையும் போட்டுக்கொள்ளாமல் ஓடுகிறாளே என்று காலையில் நாலு வார்த்தை திட்டியும் இருந்தார். தினமும் திட்டினார். இருபத்துமூன்று நாளும்.

"சாரி மேடம்," என்றாள் மகள். தலை நிமிரவில்லை. "உங்களுக்கும் சிரமம். நோட்டுல சரியாத்தான் எழுதியிருக்கேன். படிவத்துல எப்படி மாறுச்சுன்னு தெரியல. என் கை அப்படி."

படிவத்தைக் காட்டுங்கள் என்று அவள் கேட்கவில்லை. மேடத்தை அடித்துப் போட்டது அதுதான். வேறு யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்கள். இவளுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. தப்பு என்று ஒன்று வந்தால் அது தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவ்வளவு நிச்சயம். அந்த நிச்சயத்தை அவளுக்கு யார் கொடுத்தது என்று மேடம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் கண்ணாடி அறைக்குள் போனார், கோப்பைத் திறந்தார், படிவத்தை எடுத்துவந்து கீபோர்டு மேல் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

மகள் விரலால் அந்தச் சிவப்பு எண்ணைத் தொட்டாள்.

"அம்மா, இது உன் எழுத்து."

"ஆமா. நீ தப்பா எழுதிட்டேன்னு நெனச்சேன். கேட்டிருக்கணும், கேக்கல."

நெட்டை கூரையைப் பார்த்தான். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

துறைத்தலைவருக்கு எழுதிய கடிதம் நாலே வரி. பூட்டைத் திறக்கக் காரணம்: படிவத்தில் சரியாக இருந்த பதிப்பு எண்ணை மாணவர்களைக் கேட்காமல் மாற்றியது. தவறு யாருடையது: என்னுடையது. அந்தக் குழுவில் இருப்பவள் உங்களுக்கு என்ன உறவு என்று அவர் கேட்டார். தெரிந்துதான் கேட்டார். மேடம் சொன்னார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "திங்கட்கிழமை தேர்வு முடிஞ்சதும் வந்து என்னப் பாருங்க" என்றார். ஸ்டோர் ரூமில் ஒரு மேசை விசிறியாவது இருக்குமா என்று யோசித்துக்கொண்டே மேடம் படியிறங்கினார்.

மற்ற இரண்டு குழுக்களின் 3.0-ஐத் தொடாமல் பக்கத்திலேயே 2.6-ஐ ஏற்ற வேண்டும். நாற்பது மெஷின்களுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஆயிற்று. நெட்டையும் சோடாபுட்டியும் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இன்ஜினா லைப்ரரியா என்ற பேச்சு மறுபடி கிளம்பி, களைப்பில் தானாகவே அடங்கியது. ஐந்தரைக்கு இருபத்தேழாம் மெஷினில் லிஃப்ட் பன்னிரண்டாம் மாடிக்கு ஏறி, ஒருவரோடொருவர் பேசாத இரண்டு குடித்தனக்காரர்களைத் தனித்தனியாக இறக்கிவிட்டு, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கீழே வந்தது. மேடம் பட்டியலில் ஏழாவது வரியில், ஓடுகிறது, என்று குறித்தார். கைதட்ட யாருக்கும் தெம்பில்லை.

பஸ் நிறுத்தத்தில் இருவர் மட்டும். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பஸ் கூட்டத்தோடு வந்து போயின, அவள் எழவில்லை. மேடமும் எழவில்லை. கல்லூரி வாசலைத் தாண்டி வந்தும் மகள் மறுபடி அம்மா என்று கூப்பிடவில்லை என்பதை மேடம் கவனித்தார்.

"வேற எதெல்லாம் திருத்தின?" என்றாள் மகள் திடீரென்று. குரலில் கோபம் இல்லை. கணக்குக் கேட்பதுபோல் கேட்டாள்.

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மேடத்துக்கு அன்றைக்கு இருந்த களைப்பில் பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. கையில் இருந்த பையின் வாரை இழுத்து இழுத்து விட்டார்.

"அந்த ஹால் டிக்கெட். முந்தின நாள் சாயங்காலம் நான்தான் உன் பைலேர்ந்து எடுத்தேன். நம்பர் சரியா இருக்கான்னு பார்க்க. ஃபிரிட்ஜ் மேல வெச்சேன். திருப்பி வைக்கல. அப்பா போன் பண்ணி எங்க இருக்குன்னு கேட்டப்பதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள எல்லாரும் உன்னச் சொல்லிட்டாங்க. நானும் விட்டுட்டேன்."

அடுத்த பஸ்ஸும் வந்து, நின்று, போயிற்று. மகள் எதிர்ப்பக்கம் மூடியிருந்த கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தின நாள் மத்தியானமே நான் மூணு தடவ பார்த்தேன்," என்றாள். "பைக்குள்ள, ரெண்டாவது ஜிப்புல. மூணாவது தடவ தொட்டுக்கூடப் பார்த்தேன். ஹால் வாசல்ல நிக்கிறப்ப, பார்த்ததா நாமளே கற்பனை பண்ணிக்கிட்டோம் போலன்னு நெனச்சேன்." பையின் ஜிப்பைத் தடவிக்கொண்டே, "அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் நோட்டுல எழுத ஆரம்பிச்சேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல," என்றாள்.

மன்னிப்பு என்ற சொல்லை மகளிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடத்தில் அவர் பழகியிருக்கவில்லை. "அத்தனை பேர் சிரிச்சப்ப நீயும் சிரிச்சியே" என்று மட்டும் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சா நான் என்ன பண்றது?"

மகள் பையைத் திறந்து நீல நோட்டை எடுத்தாள். பேனா கிடைக்கவில்லை, கையை நீட்டினாள். மேடம் தன் பையில் தேடினார். சிவப்புப் பேனாதான் இருந்தது. கொடுக்கத் தயங்கினார். மகள் வாங்கிக்கொண்டாள். இருபத்துமூன்று தேதிகளுக்கும் கீழே அன்றைய தேதியைப் போட்டு, ஒரு வரி எழுதி, மூடி பைக்குள் வைத்தாள். மேடம் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது, ஆனாலும் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"என்ன எழுதினேன்னு கேக்கலியா?"

"கேக்கல."

"ரெண்டாவது ஜிப்புல இருந்துச்சுன்னு எழுதினேன்," என்றாள் மகள். "பஸ் வருது, எந்திரிம்மா."